ஏரோதை அச்சுறுத்திய ஆவி

கிறிஸ்தவ இல்லங்களில் பேய்ப் படங்களுக்கு இடம் உண்டா? பெற்றோர் பலரும் நம்மிடம் கேட்கும் வினா இது. முன்பெல்லாம் பேயைக் காண நாம்தான் கொட்டகையைத் தேடிச் சென்றோம். சோழவந்தான் வட்டாரத்தில் அறுவடை முடிந்த பிறகு டூரிங் டாக்கீஸில் மணலைக் குவித்து அமர்ந்து பார்த்துவிட்டு, வெற்றிலைக் கொடிக்கால்களின் ஊடே இருளில் வீடு திரும்பியவர்கள் இன்றும் நம்மிடையே உள்ளனர். 1980களில் வீடியோ நாடாவும், பின்னர் குறுந்தகடும், இன்று கைப்பேசியும் வந்தபின் நிலைமை தலைகீழாயிற்று. இப்போது பேய் நம் கூடத்திற்கே வருகிறது. இரவுச் செபமாலை முடிந்த அதே பாயில் அமர்ந்து அதைக் காண்கிறோம். ஆகவே அவ்வினாவைத் தட்டிக் கழிக்க இயலாது.

'கூடாது' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுதல் எளிது. ஆனால் திருச்சபை அவ்வாறு முடித்துவிடவில்லை. திரைப்படம் தோன்றி நூறாண்டு நிறைவுற்றதை முன்னிட்டு, 1995ஆம் ஆண்டில் வத்திக்கான் 45 சிறந்த படங்களின் பட்டியலொன்றை வெளியிட்டது. அதில் கலைச்சிறப்பு என்னும் பிரிவில், ஜெர்மானிய இயக்குநர் முர்னாவ் 1922இல் எடுத்த 'நோஸ்ஃபெராட்டு' என்னும் இரத்தக் காட்டேரிப் படமும் இடம்பெற்றது. அச்சத்தைக் கருவாகக் கொண்ட படம் என்பதற்காகவே அது தள்ளப்படவில்லை. அச்சம் நம்மை எங்கே இட்டுச் செல்கிறது என்பதே கேள்வி. இதனை ஆராய, நம் தமிழ்ப் படமொன்றை மீண்டும் வீட்டில் அமர்ந்து பார்த்தோம். ஸ்ரீதர் இயக்கத்தில் 1963ஆம் ஆண்டு வெளிவந்த 'நெஞ்சம் மறப்பதில்லை' அது.

படமும் படைத்தோரும்

கதை பலருக்கும் தெரிந்ததே. இளைஞன் ஒருவன் தன் நண்பனுடைய ஊருக்கு வருகிறான். முன்பின் கண்டிராத அவ்வூரும், அங்குப் பாழடைந்து நிற்கும் ஜமீன் மாளிகையும் அவனுக்கு ஏற்கெனவே பழகியவைபோல் தோன்றுகின்றன. எங்கிருந்தோ ஒரு பாடல் காற்றில் மிதந்து வருகிறது. சென்ற பிறவியில் அவன் அந்த ஜமீன்தாரின் மகன். கண்ணம்மா என்னும் ஏழைப் பெண்ணை நேசித்தவன். குலப்பெருமை தலைக்கேறிய தந்தை அந்த அன்பை வாழவிடவில்லை. இப்பிறவியில் அப்பெண் நண்பனின் தங்கையாக, மனம் பேதலித்தவளாக அதே ஊரில் இருக்கிறாள். அன்றைய கொடுமையைச் செய்த ஜமீன்தாரோ 109 வயதுக் கிழவராக இன்னும் உயிரோடிருக்கிறார். கல்யாண்குமாரும் தேவிகாவும் காதலராகவும், எம். என். நம்பியார் ஜமீன்தாராகவும் நடித்தனர். விசுவநாதன் - ராமமூர்த்தியின் இசையில் பி. பி. ஸ்ரீநிவாசும் பி. சுசீலாவும் பாடிய தலைப்புப் பாடல், படத்தை மறந்தவர்க்கும் மறவாத பாடல்.

இப்படத்தின் அச்சத்தைப் படைத்தவர்களுள் முதன்மையானவர் ஒளிப்பதிவாளர் ஏ. வின்சென்ட். அலோசியஸ் வின்சென்ட் என்பது அவருடைய முழுப்பெயர். கோழிக்கோட்டைச் சேர்ந்த அவர் சென்னையில் ஜெமினி ஸ்டூடியோவில் தொழில் பயின்றவர். 'கல்யாணப் பரிசு', 'நெஞ்சில் ஓர் ஆலயம்' ஆகிய படங்களில் ஸ்ரீதரின் கண்ணாக விளங்கியவர். 2015ஆம் ஆண்டு மறைந்தார். 'நெஞ்சம் மறப்பதில்லை'யில் அவர் நம்மை அச்சுறுத்துவதற்குக் கோரைப் பற்களையோ இரத்த வெள்ளத்தையோ நாடவில்லை. ஒரு பக்கத்திலிருந்து மட்டும் விழும் ஒளி, சுவரில் நீளும் நிழல், ஒட்டடை படிந்த கூடம், காற்றில் உருளும் சருகு ஆகியவையே அவருக்குப் போதுமாயின. ஏதோ நிகழப் போகிறது என்னும் எதிர்பார்ப்பே அங்கே அச்சமாகிறது.

ஏறத்தாழ இதே காலத்தில் கடல்கடந்த இத்தாலி நாட்டிலும் இத்தகைய படங்கள் தோன்றின. அவற்றுக்கு வழிகாட்டியாய் விளங்கிய மாரியோ பாவாவும் ஒளிப்பதிவாளராகத் தொழிலைத் தொடங்கியவரே. 1960இல் அவர் இயக்கிய 'லா மாஸ்கெரா டெல் தெமோனியோ', அதாவது 'பேயின் முகமூடி', கறுப்பு வெள்ளையில் மூடுபனியையும் இடிந்த சிற்றாலயத்தையும் காட்டி உலகைக் கலங்கவைத்தது. 1957ஆம் ஆண்டுப் படமொன்றில் இளம்பெண் ஒருத்தி நம் கண்ணெதிரே முதுமை எய்தும் காட்சியை அவர் அமைத்த விதம் வியப்புக்குரியது. முகத்தில் சிவப்புச் சாயத்தால் சுருக்கங்களை வரைந்து, விளக்குக்கு முன் சிவப்புக் கண்ணாடியை வைத்தால், கறுப்பு வெள்ளைப் படத்தில் அக்கோடுகள் தெரியமாட்டா. கண்ணாடியைப் பச்சையாக மாற்றியதும் கோடுகள் கறுத்துத் தோன்றும். ஒரு வெட்டுமின்றி முகம் கிழடுதட்டிவிடும். கைப்பொருள் சிறிதாயினும் கற்பனை பெரிதாக இருந்த கலைஞர் அவர். பாவாவைப் போலவே வின்சென்டும் பின்னர் இயக்குநரானார். அவர் முதன்முதலாக இயக்கியதும் ஓர் ஆவிக் கதையே என்பதைப் பிறகு காண்போம்.

தேய்ந்த இருள்

நாம் பார்த்த குறுந்தகட்டில் இந்த இருளில் பாதி தேய்ந்துபோயிருந்தது என்பதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். கறுப்பு இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் நிறம். நிழலுக்குள் நிற்கும் உருவம் நிழலோடு கரைந்துவிடுகிறது. பாடலின் நுண்ணிய ஒலிகள் இரைச்சலில் அமிழ்கின்றன. அச்சம் இருளில் வாழ்வது. இருள் மங்கினால் அச்சமும் மங்கும். இளைஞர்கள் பழைய படங்களைக் கண்டு நகைப்பதற்குப் பாதிக் காரணம், நாம் அவற்றை அவர்கள் கையில் கொடுக்கும் நிலைதான்.

இத்தாலியப் படத்துக்கு வாய்த்த கதி வேறு. 2012, 2013ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் பாவாவின் படம் உயர்தெளிவுள்ள புளூ-ரே வட்டுகளாக வெளியிடப்பட்டது. அரை நூற்றாண்டுக்குப் பின் புதிய தலைமுறையினர் அதன் கருமையைக் கருமையாகவே கண்டனர். நம் நாட்டிலும் இது நிகழாமலில்லை. 1964இல் வெளிவந்த 'கர்ணன்' 2012ஆம் ஆண்டு டிஜிட்டல் முறையில் புதுப்பிக்கப்பட்டுத் திரையரங்குகளில் மீண்டும் நூறு நாட்களைக் கடந்தது. மலையாள இயக்குநர் அரவிந்தன் 1979இல் எடுத்த 'கும்மாட்டி', மும்பையிலுள்ள ஃபிலிம் ஹெரிட்டேஜ் ஃபவுண்டேஷனின் முயற்சியால், இத்தாலியின் பொலோஞா நகரத்துக் கூடத்தில் 2021ஆம் ஆண்டு புத்துயிர் பெற்றது. சிறுவரை விலங்குகளாக மாற்றிவிடும் மாயக்கிழவனைப் பற்றிய அந்தக் கதையும் மெல்லிய அச்சத்தை ஊட்டுவதே.

படச்சுருளுக்கு வெப்பமும் ஈரமும் பகைகள். அசிடேட் என்னும் பொருளால் ஆன சுருள் அவை தாக்கினால் புளித்த காடிபோல் நாறத் தொடங்கிச் சுருங்கி வளைந்து அழியும். சென்னைக் கடற்காற்றில் எத்தனையோ சுருள்கள் அவ்வாறு அழிந்தன. ஆலயத்துப் பழைய சுரூபத்தில் வண்ணம் உரிந்தால் அதைத் தூக்கி எறியாது, தக்க கைவினைஞரைத் தேடுகிறோம் அல்லவா? கறுப்பு வெள்ளையில் ஒளியைக் கொண்டு ஓவியம் தீட்டிய நம் கலைஞர்களின் உழைப்புக்கும் அத்தகைய கவனம் உரியது.

ஒரே வாழ்வு

இனி, நம் விசுவாசத்துக்கு முரணான ஒன்றை நேரே நோக்குவோம். படத்தின் அச்சாணி மறுபிறவி. நம் அயலார் பலருடைய நம்பிக்கை அது. அதை இகழ்வது நம் நோக்கமன்று. ஆயினும் நம் பிள்ளைகள் கேட்டால் தெளிவான விடை தரவேண்டும். மனிதருக்கு ஒரே வாழ்வு, ஒரே இறப்பு, அதன்பின் தீர்ப்பு என்பது எபிரேயருக்கு எழுதப்பட்ட திருமுகத்தின் ஒன்பதாம் அதிகாரம் காட்டும் உண்மை. நாம் நம்பிக் காத்திருப்பது மறுபிறவியை அன்று, உடலின் உயிர்ப்பை. மறுபிறவியில் ஒருவர் தம் பழைய பெயரையும் முகத்தையும் இழந்து வேறொருவராகி வருகிறார். உயிர்ப்பிலோ அதே மனிதர் இறைவனால் மாட்சிமைப்படுத்தப்படுகிறார். உயிர்த்த ஆண்டவர் தம் காயத் தழும்புகளைச் சீடருக்குக் காட்டியதும், அவர்கள் முன் மீன் துண்டை உண்டதும் இதற்காகவே: தாம் ஆவியல்ல, அதே இயேசு என்பதை அவர்கள் உணர வேண்டுமென்று.

இந்த வேறுபாட்டை மற்றொரு தமிழ்ப்படம் நமக்கு எளிதாக்கும். வைகைக்கு அப்பால் நமக்கு எதிர்க்கரையிலுள்ள தென்கரையைச் சேர்ந்தவர் நடிகரும் பாடகருமான டி. ஆர். மகாலிங்கம். அவரது பெயரிலுள்ள முதல் எழுத்தே அவ்வூரைக் குறிப்பது. 1948ஆம் ஆண்டில் அவர் நடித்து இரு படங்கள் வெளிவந்தன. ஒன்று ஏ.வி.எம். நிறுவனத்தின் 'வேதாள உலகம்', பெயருக்கேற்ற மாயக்கதை. மற்றொன்று, நம் முன்னோர் கண்ணீரோடு கண்டு மகிழ்ந்த சிட்டாடல் நிறுவனத்தின் 'ஞானசௌந்தரி'. மாற்றாந்தாயின் சூழ்ச்சியால் காட்டுக்கு அனுப்பப்பட்ட கன்னியின் கைகள் வெட்டப்படுகின்றன. எந்தப் பேய்ப் படத்துக்கும் குறையாத கொடூரம் அது. ஆனால் அந்தக் கைகள் அவளுக்குத் திரும்பக் கிடைப்பது எப்போது? அடுத்த பிறவியில் அன்று. தேவமாதாவின் பரிந்துரையால், இதே வாழ்வில், இதே உடலில். பிலேந்திரனாக மகாலிங்கமும் ஞானசௌந்தரியாக எம். வி. ராஜம்மாவும் நடித்த அப்படத்தைப் பார்த்த நம் பாட்டிமார், உயிர்ப்பு என்னும் கோட்பாட்டின் சாயலை அங்கே கண்டுகொண்டார்கள்.

மறுபிறவி நம் நம்பிக்கையன்று. எனினும் அக்கதையை எழுதத் தூண்டிய ஏக்கம் நமக்கு அயலானதன்று. அநியாயமாய் வீழ்த்தப்பட்டவர் மறக்கப்படலாகாது, அவருக்கு நீதி கிடைத்தாக வேண்டும் என்பதே அந்த ஏக்கம். ஆபேலின் இரத்தம் மண்ணிலிருந்து இறைவனை நோக்கிக் கூவியது என்று விவிலியத்தின் முதல் ஏடுகளே கூறுகின்றன. மனித நெஞ்சம் மறந்தாலும் இறைவனின் நெஞ்சம் மறப்பதில்லை.

அஞ்சுபவர் யார்?

நம் பழைய ஆவிக் கதைகளைச் சற்று உற்று நோக்கினால் ஓர் ஒற்றுமை புலப்படும். 1951இல் கே. ராம்நாத் இயக்கி, எம்.ஜி.ஆர். நடித்த 'மர்மயோகி', ஆவி தோன்றும் காட்சிகளுக்காக வயது வந்தோர்க்கு மட்டும் என்னும் 'ஏ' சான்றிதழைப் பெற்ற தமிழ்ப்படம். மன்னரைக் கொல்ல முயன்று ஆட்சியைக் கைப்பற்றிய பெண்ணின் முன் மன்னரின் ஆவி வந்து நிற்கிறது. நடுங்குபவள் அவளே. உண்மையில் மன்னர் இறக்கவில்லை. அவளை வாட்டியது ஆவியன்று, அவளது குற்றம்.

வின்சென்ட் முதன்முதலில் இயக்கியதாக நாம் மேலே குறிப்பிட்ட படம் 1964இல் மலையாளத்தில் வெளிவந்த 'பார்கவி நிலையம்'. வைக்கம் முகம்மது பஷீர் எழுதியது. ஆவி உலவுவதாகச் சொல்லப்படும் வீட்டில் எழுத்தாளர் ஒருவர் குடியேறுகிறார். ஊரே அஞ்சி விலகும் பார்கவியிடம் அவர் தங்கையிடம் பேசுவதுபோல் அன்பாகப் பேசுகிறார். அவளுடைய கதையைக் கேட்டறிந்து எழுதுகிறார். அவள் தற்கொலை செய்துகொண்டாள் என்று ஊர் நம்பியிருக்க, அது கொலை என்பது அதனால் வெளியாகிறது. அந்த எழுத்தாளருக்கு ஆவியால் ஒரு தீங்கும் இல்லை. அஞ்ச வேண்டியவன் கொலை செய்தவன் ஒருவனே.

மாற்கு நற்செய்தியின் ஆறாம் அதிகாரத்தை இந்நேரத்தில் எடுத்துப் படித்தல் நன்று. அங்கே இரண்டு பேயச்சங்கள் அருகருகே உள்ளன. இயேசுவின் புகழைக் கேள்வியுற்ற ஏரோது, தான் தலைவெட்டிக் கொன்ற திருமுழுக்கு யோவானே உயிரோடு எழுந்து வந்துவிட்டார் என்று கலங்குகிறான். பிறர் இயேசுவை எலியா என்றும், இறைவாக்கினர் என்றும் எண்ணிய வேளையில், அவனுக்கு மட்டும் யோவானின் முகம் தெரிகிறது. விருந்து மேசையில் தட்டில் வைத்துக் கொணரப்பட்ட தலையை அவனால் மறக்க முடியவில்லை. அதே அதிகாரத்தின் பிற்பகுதியில், இரவில் கடல்மேல் நடந்துவரும் ஆண்டவரைக் கண்டு, பேய் என்று எண்ணிச் சீடர்கள் அலறுகிறார்கள். ஆண்டவர் அவர்களுக்குத் தம்மை வெளிப்படுத்தி, அச்சத்தை நீக்கிப் படகில் ஏறுகிறார், காற்றும் அடங்குகிறது.

சீடரின் அச்சம் ஆண்டவரை அறிந்ததும் தீர்ந்தது. ஏரோதின் அச்சம் தீரவில்லை. ஏனெனில் அவனுடைய அச்சத்துக்கு மருந்து ஆறுதல் அன்று, மனமாற்றம். அவன் அஞ்சினானே தவிர மனந்திரும்பவில்லை.

இந்த வெளிச்சத்தில் 'நெஞ்சம் மறப்பதில்லை'யின் ஜமீன்தாரைப் பாருங்கள். படத்தில் மிகவும் அச்சுறுத்துபவர் அவரே. அவரோ ஆவியல்லர், உயிருள்ள மனிதர். 109 ஆண்டு! பாவத்தை உணர்ந்து வருந்த இறைவன் தந்த தவணை என்று நாம் அதைக் கொள்வோம். ஒரு தலைமுறைக்குமேல் அவர் தனித்திருந்தார், மாளிகை இடிந்தது, உற்றார் மாண்டனர். ஆனால் பழைய காதலரைப் புதிய உருவில் கண்டதும் அவர் உள்ளத்தில் எழுவது கண்ணீரன்று. முன்னைய அதே வெறி. அஞ்சும் ஆற்றலைக்கூட இழந்துவிட்ட ஏரோது அவர். நம்பியாரின் நடுங்கும் உடலும் எரியும் விழிகளும் மனந்திரும்பாமையின் உருவமாகவே நமக்குத் தோன்றின. இருள் நிறைந்த மாளிகையைவிட அந்த முகமே நம்மை அதிகம் அச்சுறுத்தியது.

விலங்கிடும் அச்சம்

அச்சம் பாவியின் மனச்சான்றைத் தட்டி எழுப்புமாயின் நன்று. அப்பாவிகளின்மேல் பாயுமாயின் அது கொடுமை. படத்தில் வரும் மனம் பேதலித்த பெண்ணைப்போல் உள்ளம் நோயுற்றோர் நம் ஊர்களிலும் உண்டு. அவர்களுக்குப் பேய் பிடித்ததாகச் சொல்லிச் சங்கிலியால் கட்டிவைக்கும் வழக்கம் எத்தனை உயிர்களைக் குடித்தது! 2001ஆம் ஆண்டு ஆகஸ்டு 6ஆம் நாள், இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் காப்பகம் ஒன்று தீப்பற்றியபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளர் 28 பேர் தப்ப வழியின்றிக் கருகினர். கத்தோலிக்கர்களாகிய நம்முள்ளும் நோயாளியை மருத்துவரிடம் காட்டாமல் ஊர் ஊராக அழைத்துச் செல்வோர் உள்ளனர்.

இதில் திருச்சபையின் நெறி தெளிவானது. ஆயரின் வெளிப்படையான அனுமதி பெற்ற குருவானவர் அன்றி வேறெவரும் பேயோட்டும் சடங்கை நிகழ்த்தலாகாது. அதற்கு முன், காணப்படுவது நோயன்று என்பதை உறுதிசெய்தல் வேண்டும் என்று திருச்சபையின் மறைக்கல்வி ஏடு கூறுகிறது. பேய்ப் படம் பார்த்தபின் வீட்டில் பேச வேண்டியவற்றுள் இது முதலாவது.

நம் மண்ணின் ஜமீன்தார்கள்

ஜமீன்தாரி முறை ஒழிந்து எழுபது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. ஆனால் அந்த ஜமீன்தாரின் வெறி ஒழிந்ததா? வேறு சாதியைச் சேர்ந்த பெண்ணோடு பழகிய பொறியியல் மாணவர் ஒருவர் 2015ஆம் ஆண்டு திருச்செங்கோட்டுக் கோவிலிலிருந்து கடத்தப்பட்டுப் பிணமாகக் கிடந்தார். அவ்வழக்கில் 2022ஆம் ஆண்டு மதுரைச் சிறப்பு நீதிமன்றம் பத்துப் பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. 2016 மார்ச் 13ஆம் நாள் உடுமலைப்பேட்டையில் பட்டப்பகலில், பேருந்துகளும் மக்களும் நிறைந்த சாலையில், மணமாகி எட்டு மாதமே ஆன இளைஞர் மனைவியின் கண்ணெதிரே வெட்டிச் சாய்க்கப்பட்டார். 2018ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம், வயது வந்த இருவரின் திருமணத்தில் தலையிட எந்தக் கூட்டத்துக்கும் உரிமையில்லை என்று தீர்ப்பளித்து, அவர்களைக் காப்பது அரசின் கடமை என்றது. அதற்குப் பின்னரும் இக்கொலைகள் நின்றபாடில்லை.

இவை பிறர் வீட்டுச் செய்திகள் என்று நாம் செய்தித்தாளை மடித்துவைத்துவிட முடியாது. மகனோ மகளோ தம் மனத்துக்கு இசைந்தவரைக் குறிப்பிடும்போது, 'அவர் எந்தக் குணத்தவர், எத்தகைய விசுவாசி?' என்று கேட்பதற்கு முன் 'எந்த ஆட்கள்?' என்று கேட்கும் பழக்கம் திருமுழுக்குப் பெற்ற நம் நாவிலும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இறந்தோர் துயிலும் கல்லறைத் தோட்டத்திலேயே சாதிச் சுவர் எழுப்பிய வரலாறு தமிழகத் திருச்சபைக்கு உண்டு. 2016 டிசம்பரில் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை, தலித் மக்களின் மேம்பாட்டுக்கான கொள்கை ஏட்டினை வெளியிட்டு, சாதிப் பாகுபாட்டைக் கடும் பாவமென எடுத்துரைத்தது. ஏடு வந்துவிட்டது. நம் கூடத்தில் திருமணப் பேச்சு எழும்போது அது நம் நினைவுக்கு வருகிறதா?

'நெஞ்சம் மறப்பதில்லை'யை இன்று பார்க்கும் குடும்பம், இந்த ஒரு கேள்வியை அதிலிருந்து எடுத்துக்கொள்ளுமானால் அதுவே போதும். இருவர் அன்பு நிறைவேற இரண்டு பிறவிகள் தேவைப்பட்டன என்பது கதை. ஒரே வாழ்வை நம்பும் நமக்கு அந்த வசதி இல்லை. நாம் ஒருவருடைய வாழ்வைக் கெடுத்தால், அதைச் சீர்செய்ய அவருக்கு வேறு பிறவி வாய்க்கும் என்று ஆறுதல் கொள்ள இயலாது. மன்னிப்புக் கேட்பதும், விலக்கிவைத்த பிள்ளையை மீண்டும் வாசலுக்கு அழைப்பதும், பறித்ததைத் திருப்பித் தருவதும் இந்த வாழ்வுக்குள்ளேயே நடந்தாக வேண்டும்.

பெற்றோரின் கடமை

தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு வருவோம். சமூகத் தொடர்புக் கருவிகளைப் பற்றிய ஏட்டினை இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கம் வெளியிட்டதும், நம் படம் வெளிவந்த அதே 1963ஆம் ஆண்டில்தான். தெரிந்து, தேர்ந்து பயன்படுத்துதல் விசுவாசிகளின் கடமை என்பதும், பிள்ளைகள் காண்பவற்றைக் கண்காணித்தல் பெற்றோரின் பொறுப்பு என்பதும் அதன் படிப்பினை.

ஆகவே பத்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளை இத்தகைய படங்களின் முன் அமர்த்த வேண்டாம் என்பது நம் கருத்து. கதையைக் கதையாகக் காணும் பக்குவம் அவர்களுக்கு இல்லை. அச்சம் உறக்கத்தைக் கெடுக்கும். வளர்ந்த பிள்ளைகளோடு பெற்றோரும் அமர்ந்து பார்க்கட்டும். கைப்பேசியில் தனித்தனியே பார்த்தல் தவிர்க்கத்தக்கது. தனிமையில் கண்ட அச்சம் தனிமையிலேயே தங்கிவிடும். பழைய படமாயின் தொலைக்காட்சியில் அகலத்திரைக்கு இழுத்துப் பரப்பாமல், அதன் பழைய அளவிலேயே வைத்துப் பாருங்கள், முகங்கள் தட்டையாகா. படம் முடிந்ததும் விளக்கை ஏற்றிக் கால் மணி நேரம் பேசுங்கள். 'இதில் உண்மையில் தீயவர் யார்? அவர் ஏன் மனந்திரும்பவில்லை? யாருக்கு அநீதி நேர்ந்தது?' என்று கேளுங்கள். இக்கேள்விகளுக்கு இடந்தராமல் வெட்டுண்ட உடலையும் வழியும் குருதியையும் மட்டும் காட்டும் படமாயின், அதைத் தயங்காமல் நிறுத்திவிடுங்கள். அது அச்சத்தையும் தராது, இரக்கத்தையும் தராது. உள்ளத்தை மரத்துப்போகச் செய்வதொன்றே அதன் பயன்.

இறுதியாக ஒன்று. இறந்தோரைக் கண்டு நாம் அஞ்சுவதில்லை, அவர்களுக்காக மன்றாடுகிறோம். நவம்பர் 2ஆம் நாள் கல்லறைகளுக்கு வெள்ளையடித்து, மாலை சூட்டி, மெழுகுதிரி ஏற்றும்போது, இருட்டிய பின்னும் நம் குழந்தைகள் அச்சமின்றி அங்கே ஓடி விளையாடுவதைக் கண்டிருக்கிறோம். அந்தத் துணிவு நம் விசுவாசத்தின் கொடை. இவ்வாண்டு உத்தரிக்கிற ஆன்மாக்களுக்காகச் செபிக்கும்போது, சாதியின் பெயரால் கொல்லப்பட்ட மக்களையும், மன்றாட எவருமற்ற ஆன்மாக்களையும் சேர்த்து நினைப்போம். நம் குடும்பத்தாரால் புண்பட்டு விலகிச் சென்றோர் உயிரோடிருப்பின், மெழுகுதிரி ஏற்றுமுன் அவர்கள் வீட்டுக் கதவைத் தட்டுவோம். இருளில் கடல்மேல் நடந்து வந்தவர் அந்த வாசல்வரை நம்மோடு வருவார்.